பாகான் செராயில் பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்புவோருக்கு: ஏரிக்கரை நடையும் தோட்டத்துச் சைக்கிள் பாதையும்

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொலைநோக்கி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். பேராக் மாநிலத்துப் பாகான் செராய் பக்கம் அது இரண்டாவது வேலை. முதல் வேலை அனுமதி. புக்கிட் மேரா ஏரியின் அணைக்கரை ஓர் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது, அதை ஒட்டிய காடு இன்னோர் இலாகாவின் பொறுப்பில். செம்பனைத் தோட்டங்கள் கம்பெனிகளுடையவை. நெல்வயல் ஓரத்து வாய்க்கால் பாதைகளில் விவசாயிகளின் வேலை நாள் முழுக்க நடக்கிறது. யாரிடம் என்ன கேட்பது, என்ன தாளோடு போவது என்பதை ஒரே இடத்தில் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு காலைகளுக்கான திட்டம் இது. ஒரு காலை ஏரிக்கரையில் நடை, மறு காலை தோட்டமும் வயலுமாகச் சைக்கிள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மார்ச் முதல் வாரத்திலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை. புதியவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இங்கே இல்லை.

நமக்கு வசந்தம் என்று தனிப் பருவம் கிடையாது. ஆனால் வடக்கே சீனாவிலும் சைபீரியாவிலும் வசந்தம் தொடங்கும்போது, செப்டம்பர் அக்டோபரிலிருந்து நம் வயல்களில் தங்கிய பறவைகள் திரும்பிப் போகத் தயாராகின்றன. போகும் முன்பே பலவற்றுக்கு இறகின் நிறம் மாறிவிடுகிறது. புதியவருக்கு இதுதான் பெரிய உதவி. டிசம்பரில் வயலில் நிற்கும் குளத்துக் கொக்கைப் பார்த்து அது சீனக் கொக்கா ஜாவாக் கொக்கா என்று அனுபவசாலிகளே சொல்லத் தயங்குவார்கள், இரண்டும் பழுப்புக் கோடுகளோடு ஒரே மாதிரி இருக்கும். ஏப்ரலில் சீனக் குளத்துக் கொக்கின் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகிவிடும். ஜாவாக் குளத்துக் கொக்குக்குத் தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சள் பழுப்பு. வெள்ளையாகவே பார்த்துப் பழகிய உண்ணிக்கொக்குகளுக்குத் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஆரஞ்சு நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பாகும்.

இதே மாதங்களில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வடக்கே போகின்றன. அவற்றைக் கூட்டமாகப் பார்க்கப் பேர்போன இடம் போர்ட்டிக்சன் அருகேயுள்ள தஞ்சோங் துவான். பேராக்கிலும் மார்ச் மாதத்தில் முற்பகல் பத்து மணிக்கு மேல் அவ்வப்போது வானத்தைப் பாருங்கள். வெப்பக் காற்று எழும்பிய பிறகுதான் பருந்துகள் வட்டமிட்டு மேலேறும்.

ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் வலசைப் பறவைகளில் பாதி போயிருக்கும். அதோடு ஏப்ரலில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், அதனால் எந்தத் திட்டமும் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும். நோன்பு மாதம் இந்தக் காலத்தில் வந்தால் காலையில் கம்பத்து (கிராமத்து) கடைகள் திறந்திருக்காது. சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போங்கள், வெளியில் உட்கார்ந்து சாப்பிடும்போது இடம் பார்த்துச் சாப்பிடுங்கள்.

2. எந்த இடம், யாருடைய நிலம்

புக்கிட் மேரா ஏரி கிரியான் மாவட்டத்து நெல்வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அணை, மதகு, வாய்க்கால் எல்லாம் ஜே.பி.எஸ். எனப்படும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் பொறுப்பு. கரையில் பொதுமக்கள் நடக்கும் பகுதிகள் உண்டு, மதகுகளின் பக்கம் ‘டிலாராங் மாசோக்’ (உள்ளே நுழையக் கூடாது) பலகை உள்ள பகுதிகளும் உண்டு. பலகை இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். வேலி உடைந்திருக்கிறது, நாலு பேர் தூண்டில் போடுகிறார்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

ஏரியை ஒட்டியுள்ள போண்டோக் தஞ்சோங் வனம் காப்புக்காடு. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குள் நடக்க வேண்டுமானால் மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பெர்மிட் வாங்கிய பிறகே போக வேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்குக் காடு தேவையே இல்லை என்பது என் கருத்து. மரத்தின் உச்சியில் இருக்கும் குருவியைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிஞ்சும். திறந்த தண்ணீரும் வயலும் போதும்.

தோட்டம் தனியார் நிலம். இதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

3. தோட்டத்து அனுமதிக் கடிதம்

‘நம்ம ஆளுங்க இருக்கிற தோட்டம்தானே, கார்டு போஸ்டில் சொல்லிட்டுப் போயிடலாம்’ என்று பலர் சொல்வார்கள். கார்டு போஸ்ட் என்பது தோட்டத்து வாசலில் இருக்கும் காவல் சாவடி. அந்தப் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு தோட்டத்தில் எனக்கு வாய் வார்த்தையாகச் சரி என்றார்கள். போன நாளில் காவலில் வேறு ஆள், அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. விடியற்காலை கேட்டிலேயே கழிந்தது. அவர் மீது தப்பில்லை. செம்பனைக் குலைத் திருட்டு நடக்கிற காலத்தில் தொலைநோக்கியும் பையுமாக வருகிற ஆளை எந்தக் காவலரும் சும்மா விடமாட்டார்.

அதனால் எழுத்தில் வாங்குங்கள். கடிதம் மலாயில் ஒரு பக்கம் போதும். தோட்டத்து மேனேஜர் பெயருக்கு அல்ல, ‘பெங்குருஸ் லாடாங்’ (தோட்ட நிர்வாகி) என்ற பதவிக்கு எழுதுங்கள். மேனேஜர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதில் இருக்க வேண்டியவை:

- வருகிற எல்லாருடைய முழுப்பெயர், ஐ.சி. எண், கைத்தொலைபேசி எண். வெளிநாட்டு நண்பர் இருந்தால் பாஸ்போர்ட் எண்.
- தேதி, அதோடு மழை வந்தால் போக ஒரு மாற்றுத் தேதி. நுழையும் நேரம், வெளியேறும் நேரம்.
- எத்தனை சைக்கிள், கார் எங்கே நிற்கும், கார் எண்.
- எந்தச் சாலை வழியாக நுழைந்து எந்தச் சாலை வழியாக வெளியேறுவீர்கள். வரைபடத்தை அச்செடுத்துப் பேனாவால் கோடு போட்டு இணையுங்கள்.
- ட்ரோன் இல்லை, குலைகளையும் விழுந்த பழங்களையும் தொடமாட்டோம், தொழிலாளர் குடியிருப்பான லயங்களையும் ஆட்களையும் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கமாட்டோம் என்ற உறுதி.
- விபத்து நேர்ந்தால் தோட்டம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. இது இல்லாத கடிதம் பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கும்.

ஐ.சி. நகலில் குறுக்கே கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் நாள் போய்க்கொண்டே இருக்கும். அனுப்பிய பிறகு வேலை நாளில் முற்பகலில் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கிராணியை (எழுத்தரை) பாருங்கள். காலை வேளையில் மேனேஜரும், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் தோட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பத்து மணிக்கு மேல்தான் மேசைக்கு வருவார்கள். கிராணியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த வாரம் எந்த பிளாக்கில் மருந்து அடிக்கிறார்கள், எந்த பிளாக்கில் குலை வெட்டு. மருந்து அடிக்கும் பிளாக் பக்கமே போகக் கூடாது. வெட்டு நடக்கும் பிளாக்கில் டிராக்டரும் லோரியும் ஓடும், மட்டையும் குலையும் மேலிருந்து விழும்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டு பெரும்பாலும் ஓய்வு, ஆகவே அதுதான் நல்ல நாள். ஆனால் அன்று அலுவலகமும் பூட்டியிருக்கும். கையெழுத்திட்ட கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்கட்டும், கார்டு போஸ்டுக்கும் ஒரு நகல் போய்விட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அனுமதிக்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் ரசீது கேளுங்கள்.

4. செலவு

தொலைநோக்கியில் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 10, 12 என்று பெரிய எண்ணைக் காட்டுவார். பெரிதாக்கும் அளவு கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் குறுகும். பறக்கிற ஆலா போன்ற நீர்ப்பறவையை அதில் பிடிக்கவே முடியாது. 300 முதல் 600 வெள்ளிக்குள் (ரிங்கிட்) பழகுவதற்குப் போதுமானது கிடைக்கும். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு காலை பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. ‘50 மடங்கு ஜூம்’ என்று இணையத்தில் மலிவாக விற்பதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கேமரா முதல் தடவை வேண்டாம். படம் எடுக்கிறவர் பறவையின் நடத்தையைப் பார்ப்பதில்லை.

சைக்கிளைச் சொந்தமாகவோ இரவலாகவோ கொண்டுவாருங்கள். ரயிலில் வர நினைத்தால், பட்டர்வொர்த் பக்கமிருந்தும் தைப்பிங் பக்கமிருந்தும் வரும் கோமுட்டர் ரயில் பாகான் செராயில் நிற்கிறது. மடக்குச் சைக்கிளா சாதாரணச் சைக்கிளா என்பதைப் பொறுத்து ஏற்றவிடுவார்கள், ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். தைப்பிங்கிலிருந்து வந்தால் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே போகும். அதிலேயே உங்கள் பறவை பார்ப்பு தொடங்கிவிடலாம். விடியலுக்கு ஏரிக்கரையில் நிற்க வேண்டுமானால் முந்தின இரவே வந்து தங்குவதுதான் வழி. தங்குவதும் பெட்ரோலும்தான் பெரிய செலவு, இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டால் தாங்கும்.

5. ஏரிக்கரை நடை

மார்ச் நடுவில் சூரியன் 7:25 வாக்கில் உதிக்கும், ஏப்ரல் நடுவில் 7:10 வாக்கில். ஏழு மணிக்குக் கரையில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் வெயிலில் தண்ணீர் மின்னத் தொடங்கினால் நிறம் தெரியாது, எல்லாம் கறுப்பு உருவம்தான். அதனால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்கும் திசையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பார்ப்பதே முறை.

வேகமாக நடக்க வேண்டாம். நூறு அடி நடந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். ‘ஹைக்கிங்’ என்று வந்த நண்பர்களுக்கு இது முதலில் சலிப்பாக இருக்கும், ஆனால் பறவை பார்ப்பது நிற்கிற வேலை. நீங்கள் நின்ற பிறகுதான் நாணலுக்குள் ஒளிந்தது வெளியே வரும்.

கரையோரத்தில் ரசாவ் எனப்படும் தாழைப் புதரும் நாணலும் அடர்ந்த இடங்களை முதலில் பாருங்கள். செந்நாரை அங்கே கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும், காய்ந்த தண்டு என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். தாமரை, அல்லி இலை பரந்த இடத்தில் நீலத் தாழைக்கோழியைத் தேடுங்கள்: உடல் நீலம், அலகும் நெற்றியும் சிவப்பு, வாலை ஆட்டும்போது அடிப்பக்கம் வெள்ளை. இலைகளின் மேலேயே நீள விரல்களை ஊன்றி நடப்பது நீளவால் இலைக்கோழி. மார்ச் கடைசியில் அதற்கு நீண்ட கறுப்பு வால் வளர்ந்து, பிடரியில் மஞ்சள் ஏறியிருந்தால் நேரம் எடுத்துப் பாருங்கள், அந்தக் கோலத்தில் அது இங்கே தங்குவது கொஞ்ச நாள்தான்.

தண்ணீருக்கு மேலே காற்றை எதிர்த்து நின்று நின்று பறப்பவை ஆலாக்கள். ஏப்ரலில் தலையில் கறுப்புத் தொப்பி, கன்னம் வெள்ளை, வயிறு கருஞ்சாம்பல் என்றால் மீசை ஆலா. உடம்பு கறுத்து இறக்கையும் வாலும் வெளுத்திருந்தால் வெள்ளிறகு ஆலா. டிசம்பரில் இவை இரண்டையும் பிரிப்பது பெரிய பாடு. சீழ்க்கைச் சிறகிகள் (ஒரு வகைக் காட்டு வாத்து) கூட்டமாக எழும்பினால் கண்ணுக்கு முன் காதுக்கு எட்டும்.

வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஏரி வற்றி ஓரத்தில் சேறு தெரியும். உள்ளான்கள் அங்கே இறங்கும். நிறைந்திருந்தால் சேறு இருக்காது, உள்ளான்களை வயலில் தேட வேண்டும். எந்த நிலையில் ஏரி இருக்கிறது என்பதை முந்தின நாள் தூண்டில்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். ‘பாங், பாங்காவ் பாஞாக் டி மானா?’ என்றால் கொக்கு எங்கே அதிகம் என்று கை காட்டுவார். கானாங்கோழிக்கு ருவாக்-ருவாக், மீன்கொத்திக்கு ராஜா ஊடாங், சிறகிக்கு பெலிபிஸ், பருந்துக்கு ஹெலாங். இந்த ஐந்து பெயரும் தெரிந்தால் கம்பத்தில் பேச்சு ஓடும்.

படகில் போக ஆசைப்பட்டால் ஏறும் முன்பே மணிக் கணக்கா, சவாரிக் கணக்கா என்று விலை பேசுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். மேகம் கறுத்தால் கரையிலும் நிற்க வேண்டாம், திறந்த கரையில் மின்னலுக்கு உயரமான பொருள் நீங்கள்தான்.

6. சைக்கிள் பயணம்: தோட்டமும் வயலும்

தோட்டத்துக்குள் முதல் ஆபத்து முள். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பாகத்து முள் சாதாரண டயரை ஊசி போலக் குத்திவிடும். மட்டை அடுக்கிய வரிசைப் பக்கம் போகாமல் லோரி ஓடும் செம்மண் சாலையின் நடுவிலேயே ஓட்டுங்கள். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள், பம்பு, டயர் கழற்றும் நெம்பு இவை இல்லாமல் நுழைய வேண்டாம். எல்லாம் சேர்த்து 60, 70 வெள்ளிக்குள் அடங்கும். உள்ளே பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு வெளியே வரும் தூரம் உங்கள் காலைப் பொழுதையே தின்றுவிடும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும், இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள்.

அடுத்தது பாம்பு. எலி இருக்கும் இடத்தில் நாகமும் மலைப்பாம்பும் இருக்கும். இயற்கை உபாதைக்கு மட்டைக் குவியல் பக்கம் ஒதுங்காதீர்கள், கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அது கூகைக்கு. எலியைப் பிடிக்கக் கூகையை வரவழைக்கும் ஏற்பாடு. பெட்டிக்குக் கீழே முடியும் எலும்புமாகக் கக்கிய உருண்டைகள் கிடந்தால் பறவை குடியிருக்கிறது என்று அர்த்தம். கம்பத்தைத் தட்டுவதோ பெட்டிக்குள் விளக்கடிப்பதோ கூடாது. குஞ்சு இருக்கும் காலத்தில் தொந்தரவு செய்தால் தாய் விட்டுப்போகக்கூடும், அதற்குப் பிறகு தோட்டமும் உங்களை உள்ளே விடாது. மறுநடவு செய்த பிளாக்குகளில், மரம் சிறிதாக இருக்கும்போது, கறுந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று கீழே பார்க்கும். பழைய, உயர்ந்த மரங்களில் செண்பகத்தின் குரலும் பாம்புண்ணிக் கழுகின் சீழ்க்கையும் கேட்கும்.

எட்டரை மணிக்குள் தோட்டத்தை விட்டு வெளியேறி வயல் பக்கம் வந்துவிடுங்கள். கிரியான் வயல்களில் வாய்க்கால் ஓரமாக நேர்ச்சாலைகள் ஓடுகின்றன. ‘தாலி ஆயர்’ (வாய்க்கால்) சாலை என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். வரப்பில் ஏற்றாதீர்கள், இடிந்தால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய் விவசாயிக்கு நஷ்டம். எதிரே அறுவடை இயந்திரமோ டிராக்டரோ வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள்.

உழவு டிராக்டர் ஓடும் வயலைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். புரளும் மண்ணில் புழுவும் தவளையும் வெளியே வருவதால் கொக்குகள் பின்னாலேயே நடக்கும். ஆரஞ்சு ஏறிய உண்ணிக்கொக்கு, கருஞ்சிவப்புக் கழுத்துக் குளத்துக் கொக்கு, சின்னக் கொக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. தண்ணீர் கட்டிய வயலில் சிவப்புக் கால் நெட்டையாக நின்றால் நெடுங்கால் உள்ளான். ஆட்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் அதன் முட்டை எங்கோ தரையில் இருக்கிறது, நீங்கள் வந்த வழியே திரும்புங்கள். மணல் கலந்த கரையில் சிறு சிறு பொந்தும் மேலே நீலவால் பஞ்சுருட்டான்களும் இருந்தால் அது கூட்டுத் தொகுதி. தரையிலேயே பொந்து போடும் பறவை அது, சைக்கிள் ஏறினால் குஞ்சு உள்ளேயே புதைந்துபோகும்.

தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வயல் சாலையில் நிழல் கிடையாது.

7. பெயர் கண்டுபிடிப்பது

பறவையின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் மெர்லின் செயலி இலவசம். தீபகற்ப மலேசியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கிவையுங்கள், தோட்டத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது. ஒலியை வைத்துப் பெயர் சொல்லும் வசதி இருக்கிறது, ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். குறிப்பாகப் பட்டணத்துக்குள், உழவாரன் கூடு கட்ட ஒலிபெருக்கி போட்டிருக்கும் கட்டடங்கள் பக்கத்தில், அது இயந்திரக் குரலையே பறவை என்று சொல்லும்.

செயலிக்கு முன் ஒரு குறிப்பேட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: அளவு மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, கால் நிறம் என்ன, என்ன செய்துகொண்டிருந்தது. பறவை போன பிறகு இவைதான் கைகொடுக்கும்.

பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிபரப்ப வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது போட்டிப் பறவை வந்துவிட்டதாக நினைத்து, கூட்டைக் கவனிக்கிற வேலையை விட்டுவிட்டு மல்லுக்கு நிற்கும். குஞ்சோ முட்டையோ எடுப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம். யாராவது வலை கட்டியிருந்தால் நீங்களாக அறுக்கப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவியுங்கள். அவசரத்துக்கு 999.

8. திரும்பி வந்த பிறகு

கார்டு போஸ்டில் வெளியேறும் நேரத்தைப் பதிவு செய்யாமல் போகாதீர்கள். நீங்கள் உள்ளேயே இருப்பதாக நினைத்து ஆட்கள் தேடுவார்கள்.

அந்த வாரத்துக்குள் தோட்டத்து அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எந்தக் கூகைப் பெட்டியின் கீழே உருண்டைகள் கிடந்தன, எந்தப் பெட்டி உடைந்து தொங்குகிறது என்பதை பிளாக் எண்ணோடு சொன்னால் அவர்களுக்கும் பயன்படும். அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து வையுங்கள். அடுத்த மார்ச்சுக்கு விண்ணப்பிக்கும்போது அதை இணைத்தால், மேனேஜர் மாறியிருந்தாலும் கிராணி பழைய கோப்பை எடுத்துவிடுவார். ஜனவரி கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள், சீனப் பெருநாள் விடுமுறையில் ஒரு வாரம் போய்விடும்.